பீகிள் பிடித்த விரதம்

வெள்ளவத்தையில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது என்னிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தடை தாண்டி ஓடுவதற்கு எந்த ஜாதி நாய் நல்லது என்று. கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு நாய் வளையத்துக்குள்ளால் பாய்வதையும் காட்டுவார்கள். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், "நாங்கள் ஏற்கெனவே ஒண்டு வாங்கிட்டம்" என்பார்கள். வாங்கியது பக் ஆக இருக்கும். நாலு படி ஏறினாலே மூச்சு இழுக்கும் நாய் அது. அல்லது ஹஸ்கியாக இருக்கும். கொழும்பு வெயிலில் அது குளியலறைத் தரையை விட்டு எழும்பாது. வாங்கிய பிறகு கேட்டு என்ன பயன் என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனால் சொல்வதில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன். புது மனிதர்களோடு சேர்ந்தாற்போல் இரண்டு வசனம் பேச எனக்கு வராது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒருகொடவத்தையில் ஒரு பண்டகசாலையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு அந்த வேலை போய்விட்டது. அங்கே காவலுக்கு நின்ற நாய்கள் என்னோடு ஒத்துப்போனதைப் பார்த்திருந்த ஒருவர், வெள்ளவத்தையில் ஒரு வீட்டு நாயை நடத்தச் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வீடு பல வீடாகி, இப்போது தொடர்மாடிக் குடியிருப்புகளில் வளரும் நாய்களைக் காலையிலும் மாலையிலும் நடத்துவதுதான் என் தொழில். கொட்டாஞ்சேனையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்துவிடுவேன்.

அந்த வீடுகளில் ஒன்று டீச்சருடையது. கடற்கரைக்கு இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கையில் மூன்றாம் மாடி. பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஒவ்வொரு பின்னேரமும் டியூஷன் வகுப்புக்குப் போய்க் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவரை நான் ஐயா என்று கூப்பிடுவேன். அவருக்குப் புறக்கோட்டையில் கடை. கனடாவில் இருக்கும் மகன், அம்மாவும் அப்பாவும் தனியே இருக்கிறார்களே என்று, இங்கே ஆள் பிடித்து ஒரு பீகிள் குட்டியை வாங்கிக் கொடுத்திருந்தார். காது தொங்க, கண் கலங்கினதுபோல இருக்கும் முகம். படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும்.

பீகிள் முயல் வேட்டைக்கென்று வளர்த்த ஜாதி. கூட்டமாக ஓட வேண்டும், நிலத்தில் மூக்கை வைத்து மணம் பிடிக்க வேண்டும், பிடித்தவுடன் தூரத்தில் வரும் ஆளுக்குக் கேட்கும்படி ஊளையிட வேண்டும். இதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பழக்கியிருக்கிறார்கள். அந்த ஜாதியைக் கொண்டுவந்து ஒரு மாடி வீட்டில், பின்னேரம் முழுக்கத் தனியே விட்டால் என்ன செய்யும்? டீச்சர் வகுப்புக்குப் போனதும் அவன் ஊளையிடத் தொடங்குவான். கடலோர ரயில் போகும் சத்தத்தையும் மீறி அது ஒழுங்கை முனை வரைக்கும் கேட்கும்.

தொடர்மாடிக் குழு முதலில் சொல்லிப் பார்த்தது. பிறகு கூட்டம் வைத்தது. கடைசியில், மாத முடிவுக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாயை அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தது. குழுவின் தலைவர் கொஞ்சம் இளகிய மனிதர். நாய் ஒழுங்கான பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்துவிட்டால் இன்னும் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்.

ஐயா பொறுக்கவில்லை. "வவுனியாவில என்ர தம்பி கோழிப்பண்ணை வைச்சிருக்கிறான். அங்க விட்டால் காவலுக்காவது உதவும்" என்றார்.

கோழிப்பண்ணையில் ஒரு பீகிளை அவிழ்த்துவிட ஏலாது. ஒரு நாளில் பண்ணையை முடித்துவிடும். அப்படியானால் சங்கிலிதான், சாகும் வரைக்கும். இது எனக்குத் தெரிந்தது, ஐயாவுக்கும் தெரிந்திருக்கும். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, அந்தப் பாய்ஞ்சு ஓடுற வகுப்பு ஒண்டு இரத்மலானையில இருக்கெல்லே, அங்க கூட்டிக்கொண்டு போறீங்களே?" என்றார். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. அவருக்கு நான் தம்பிதான்.

இரத்மலானையில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் அந்த மைதானம். சனிக்கிழமை காலையில் நடக்கும். அஜிலிட்டி என்று சொல்வார்கள். தாண்டுவதற்குக் கம்புகள், நுழைந்து வெளியே வருவதற்குத் துணிக் குழாய், ஏறி இறங்குவதற்குக் கூரை மாதிரிச் சாய்த்த பலகைகள், வளைந்து வளைந்து போவதற்கு வரிசையாக நட்ட குச்சிகள். நாய் இவற்றையெல்லாம் ஆள் காட்டுகிற ஒழுங்கில் ஓடி முடிக்க வேண்டும். நாயைத் தொடக்கூடாது. கையும் குரலும்தான்.

பழக்குபவர் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த சிங்களவர். என்னைவிட இளையவர், தமிழ் தடங்கலில்லாமல் கதைப்பார். வருகிற எல்லா நாயையும் சில வாரம் ஓடவிட்டுப் பார்த்து, பிறகு ஒரு சனிக்கிழமை சோதித்து, சிலதைத்தான் நிரந்தர வகுப்புக்கு எடுப்பார். அந்தச் சோதனையில் எடுபட்டால் பீகிள் வெள்ளவத்தையில் இருக்கும். எடுபடாவிட்டால் வவுனியா.

முதல் நாளே எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. ஒரு பெண்பிள்ளை போர்டர் கொலி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஆடு மேய்க்கிற ஜாதி. அது நிலத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தோளை ஒரு பக்கம் திருப்பினாலே போதும், அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். ஒரு பெரிய மனிதரின் ஜெர்மன் ஷெப்பர்ட் சொன்னதைச் செய்யும், ஆனால் யோசித்துச் செய்யும், உடம்பும் பாரம். ஒரு லெப்ரடோர் எல்லாத் தடையையும் சந்தோஷமாகத் தட்டி விழுத்திக்கொண்டு ஓடியது. நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு டாஷ்ஹவுண்ட் வந்திருந்தது. முதுகு போய்விடும் என்று அதைப் பழக்குபவர் தாண்டவே விடவில்லை. சின்ன பொமரேனியன் ஒன்று குழாய்க்குள் அம்பு மாதிரிப் போய் வந்தது. பிறகு யாரோ தும்மினார்கள் என்று அன்றைக்கு முழுக்க ஒன்றும் செய்யவில்லை.

"ஜாதி பாதிதான் அய்யே" என்றார் பழக்குபவர். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன். "மிச்சம் அதுட மனசு. விழுந்தா எழும்பி வரணும். சத்தத்துக்குப் பயந்தாலும் திரும்பி வரணும். எல்லாத்தையும்விட, ஆள்ட முகத்தப் பார்க்கணும்."

பிறகு துணிக் குழாயின் பக்கம் குனிந்து பார்த்தார். பீகிள் அப்போது குழாய்க்குள் இருந்தான். வெகு நேரமாக உள்ளேயே இருந்தான். முதலில் போன நாய்களின் மணத்தையெல்லாம் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிடுங்க."

"வா" என்றேன்.

"அது பெரிய ஆளக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றார் அவர். "நாயக் கூப்பிடுங்க. சந்தோசமா, சத்தமா. பிள்ளையக் கூப்பிடுற மாதிரி."

இத்தனை பேருக்கு முன்னால் குரலை உயர்த்திக் கொஞ்சுவதா? எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்னொரு முறை "வா" என்றேன். உள்ளேயிருந்து ஒரு தும்மல் மட்டும் கேட்டது. கடைசியில் நானே முழங்காலில் நின்று குழாய்க்குள் தலையை விட்டேன். லெப்ரடோர் கொண்டுவந்தவர், "ஆள் நல்லா நுழையிறார், அவரை எடுங்கோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டில் போய்ச் சொன்னேன். "சாப்பாட்டுக்குத்தானே அது வாலாட்டும். சாப்பாட்டக் காட்டுங்களேன்" என்றாள் என் மனைவி. அவள் நாய் வளர்த்ததே இல்லை. ஆனாலும் அதுதான் சரியாக வந்தது. கொட்டாஞ்சேனைக் கோழிக்கடையில் ஈரல் வாங்கி, மஞ்சள் போட்டு அவித்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அவன் வேறு நாய். பைக்குள் கை போனாலே தலை நிமிரும். நிலத்தை மறந்து என் கையைப் பார்த்தான். கம்பைத் தாண்டினான். பலகையில் ஏறி, உச்சியில் நின்று, என்னைத் தேடி, இறங்கினான். குழாய்க்குள் போன வேகத்தில் வெளியே வந்தான். எனக்குக் குரலே தேவைப்படவில்லை. பழக்குபவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "ஹரி" என்றார். சிங்களத்தில் சரி. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் எங்கள் அடுப்பில் ஈரல் அவிந்தது. "நாய்க்கு ஈரல், புருஷனுக்குப் பருப்பு. நல்ல குடும்பம்" என்பாள் மனைவி. ஆனாலும் துண்டு வெட்டித் தருவது அவள்தான். சோதனைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, இவன் எடுபடுவான் என்று நான் நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் கந்தசஷ்டி வந்தது.

டீச்சர் வீடு சைவ வீடு. செவ்வாய், வெள்ளியில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைப்பதில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் டீச்சர் பகலில் ஒன்றும் சாப்பிடாமல் பின்னேரம் பாலும் பழமும் மட்டும் எடுப்பார். வருடா வருடம் பிடிக்கிற விரதம்தான். ஆனால் அந்த முறை கதவைத் திறந்ததும் சொன்னார்.

"தம்பி, இந்த முறை நான் இவனுக்காகத்தான் பிடிக்கிறன். இவன் எங்களோட இருக்க வேணுமெண்டு முருகனிட்டக் கேட்டிருக்கிறன். அதால இவனுக்கும் மச்சம் வேண்டாம். இவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே. தயிரும் சோறும் குடுக்கிறன். நீங்களும் அந்த ஈரலைக் கொண்டு போகாதேங்கோ."

சோதனை அந்த ஆறு நாளுக்குள் வந்த சனிக்கிழமையில் இருந்தது.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டியது நிறைய இருந்தது. இவன் தடை தாண்டுவது ஈரலுக்காக, என் முகத்துக்காக அல்ல. பக்கத்தில் நிற்கும் எல்லாருடைய பையிலும் இறைச்சி இருக்கும். இவனுடைய மூக்கு எங்கே போகும்? ஆனால் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். எந்த நாய்க்காக நான் கவலைப்படுகிறேனோ அதே நாய்க்காகத்தான் அவரும் வயிற்றைக் காயப்போட்டிருந்தார். அந்த விரதம்தான் இவனைக் கெடுக்கும் என்று எந்த வாயால் சொல்வது?

"சரிங்க டீச்சர்" என்றேன்.

பஸ்ஸில் போகும்போது என்மீதே கோபம் வந்தது. வெள்ளி இரவு மனைவி, "கொஞ்சமா ஒளிச்சுக் கொண்டுபோங்க, யாருக்குத் தெரியும்?" என்றாள். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் சாமிக்கு முன்னால் ஒருவர் வைத்த வாக்குக்குள் நான் கையைவிடுவதா என்று இருந்தது. கொண்டுபோகவில்லை.

சனிக்கிழமை டீச்சர் ஒரு சின்ன டப்பாவைத் தந்தார். மேரி பிஸ்கட் உடைத்துப் போட்டு, நெய் பூசியிருந்தார். தூக்கம் இல்லாத கண்ணோடு அவன் நெற்றியில் திருநீறு பூசினார். அவன் அதை நக்கப் பார்த்தான், நாக்கு எட்டவில்லை.

முதல் நாள் பெய்த மழையில் மைதானம் ஊறிக் கிடந்தது. ஈர நிலத்தில் மணம் இன்னும் கூடுதலாக எழும்பும். எங்கள் முறை வந்தது. பிஸ்கட்டைக் காட்டினேன். தயிர்ச்சோறு தின்ற வயிறு, வாங்கிக்கொண்டான். முதல் கம்பைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். பலகையில் பாதி ஏறினான். அங்கே காற்று வந்தது.

அவன் மூக்கு திரும்பியதை நான் பார்த்தேன். உடம்பு முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. ஓரமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஷெப்பர்ட்காரரின் பை தொங்கிக்கொண்டிருந்தது. பலகையிலிருந்து ஒரே பாய்ச்சல். அத்தனை வாரமும் அவன் அப்படிப் பாய்ந்ததே இல்லை. நேர்கோட்டில், வழியில் நின்ற இரண்டு கம்பையும் அழகாகத் தாண்டிக்கொண்டு போனான். கதிரை சரிந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் தலை முழுக்கப் பைக்குள் இருந்தது.

"ஈரல்" என்றார் ஷெப்பர்ட்காரர், சோகமாக. "காலையில அவிச்சது."

பழக்குபவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கெட்டிக்கார நாய் அய்யே. பயமில்ல, உடம்பும் லேசு. ஆனா இவன் ஆளோட ஓடல்ல. சாப்பாட்டோட ஓடுறான். நான் கொஞ்சத்ததான் எடுக்க ஏலும்."

"இன்னொரு தரம்" என்றேன். ஈரல் இல்லாததால்தான், விரதம், ஆறு நாள் முடியட்டும் என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது அந்த இரண்டு சொல்தான்.

"அடுத்த தொகுதிக்குக் கொண்டு வாங்க. சித்திரைக்குப் பிறகு."

சித்திரையில் அவன் வவுனியாவில் சங்கிலியில் நிற்பான். அந்த இடத்துக்கு ஒரு கொக்கர் ஸ்பானியலை எடுத்தார்கள். அதுவும் மோப்ப நாய்தான். ஆனால் மூன்று அடிக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தன் ஆளைப் பார்த்தது. அந்தச் சின்னப் பார்வைதான் இவனுக்கும் அதற்கும் வித்தியாசம்.

முச்சக்கரவண்டியில் வரும் வழி முழுக்க அவன் என் மடியில் படுத்து, வயிறு நிறைந்து ஏப்பம் விட்டான். என்னால் அவனை வெறுக்கக்கூட முடியவில்லை.

டீச்சர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார். ஐயா கதிரையில் பேப்பரோடு இருந்தார். எதிரில் சாமிப் படத்தடியில் விளக்கு எரிந்தது.

"எடுத்தவையே தம்பி?"

"இல்லைங்க டீச்சர்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "முருகன் தரேல்லை" என்றார். பிறகு, "நான்தான் எங்கயோ குறை விட்டிட்டன். நேற்று உச்சிப் பூசைக்குப் போகப் பிந்தினனான். முந்தநாள் தலைச்சுற்றெண்டு ஒரு மிடறு தேத்தண்ணி குடிச்சனான். அதுதான்" என்றார்.

"சும்மா இரப்பா" என்றார் ஐயா.

டீச்சர் தன்மீது ஒவ்வொரு குறையாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மிடறு தேநீருக்காக அந்த நாயை அனுப்ப வேண்டி வந்தது என்று அவர் சாகும் வரைக்கும் நம்பப் போகிறார் என்று எனக்குப் பட்டது. அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"குறை உங்ககிட்ட இல்லைங்க டீச்சர்" என்றேன். "பிஸ்கட்டுல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"அவன் ஈரலுக்குத்தான் பாய்வான். பிஸ்கட்டுக்குப் பாய மாட்டான். பக்கத்து ஆள்ட பையில ஈரல் இருந்துச்சு. அங்க போயிட்டான்."

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீங்க சாப்பிடாம இருந்தீங்க. எப்பிடிச் சொல்றது?"

டீச்சர் நாயைப் பார்த்தார். அவன் அவருடைய காலடியில் போய் மல்லாந்து படுத்தான். வயிறு பந்து மாதிரி இருந்தது.

"அந்த ஈரலை இவன் திண்டவனே?"

இனி மறைத்து என்ன. "ஓம் டீச்சர். பை முழுக்க."

பேப்பருக்குப் பின்னால் ஐயா சிரிக்கும் சத்தம் கேட்டது. "முருகனோட போட்ட ஒப்பந்தத்தை இவன் முறிச்சுப்போட்டான்" என்றார்.

நான் டீச்சர் அழுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து அந்த வயிற்றில் கை வைத்தார். "நல்ல வேளை" என்றார். "இந்த நாலைஞ்சு நாளா மெலிஞ்சு போனான் எண்டு எனக்கு நெஞ்சு வெந்துகொண்டிருந்தது." பிறகு கணவரைப் பார்க்காமலே சொன்னார். "நாளைக்குக் குழுத் தலைவரிட்டச் சொல்லுங்கோ. நான் பின்னேர வகுப்பை விடுறன். வீட்டில ஆள் இருந்தால் இவன் ஊளையிடமாட்டான்."

ஐயா பேப்பரை இறக்கினார். "நெஞ்சு வருத்தத்துக்கு டொக்டர் சொல்லியும் விடேல்லை. மகன் கனடாவில இருந்து அழுதும் விடேல்லை. நான் சொல்லி எத்தனை வருஷம்? ஒரு நாய்க்காக விடுறாவாம்."

"நீங்கள் ஊளையிட்டிருந்தால் விட்டிருப்பன்" என்றார் டீச்சர்.

இப்படித்தான் பீகிள் வெள்ளவத்தையில் நின்றான். குழுவும் ஒப்புக்கொண்டது. வவுனியாவைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. இதில் நான் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் எரிச்சல் போகவில்லை. பயமில்லாத, லேசான உடம்புள்ள, பாயத் தெரிந்த ஒரு நாய். பலகையிலிருந்து அந்தப் பைக்கு அவன் பாய்ந்த பாய்ச்சலை நான் கண்ணால் கண்டவன். இப்போது பின்னேரம் முழுக்க டீச்சரின் காலடியில் கிடக்கிறான். அவர் முறுக்குத் தின்றால் பாதி அவனுக்கு. விரதம் முடிந்ததிலிருந்து கோழியும் குறைவில்லை. கொழுத்துவிட்டான். "சித்திரைக்குக் கொண்டு போவமா டீச்சர்?" என்று ஒரு தரம் கேட்டேன். "பாவம் தம்பி, அவனுக்கு ஏன் அந்த அலைச்சல்?" என்றார். சனிக்கிழமை காலையில் எனக்குப் போக இடமில்லை.

போன கிழமை ஒழுங்கையில் ஒரு தென்னை ஓலை விழுந்து குறுக்கே கிடந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, சங்கிலியைத் தளர்த்தி, குரலை உயர்த்தி, "வாடா" என்றேன். அவன் ஓலையின் அடிமட்டையில் மூக்கை வைத்தான். அங்கிருந்து நுனி வரைக்கும் ஒவ்வொரு ஈர்க்காக மோந்துகொண்டு போனான். நுனியைச் சுற்றி மெல்ல நடந்து இந்தப் பக்கம் வந்தான். நான் அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.